பூனை ஏன் முகத்தைத் திருப்புகிறது?

உங்கள் வீட்டில் பூனை உண்டா? உண்டென்றால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதன்று. தட்டில் சோறு வைக்கிறீர்கள். பூனை வருகிறது, குனிந்து முகர்கிறது, உங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறது. பிறகு வாலை உயர்த்திக்கொண்டு போய்விடுகிறது.

ஒரு ஜனவரி மாதக் காலையில் இதே காட்சியை மேகமலையில் கண்டேன். சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மணலாற்றுக்குப் போயிருந்தேன். என்னிடம் பௌதிகம் படிக்கும் மாணவி ஒருத்தியின் வீடு அங்கே தேயிலைத் தோட்டத்து லயனில் இருக்கிறது. அவளுடைய பாட்டி பூனைக்கு எவர்சில்வர் தட்டில் பால் சோறு வைத்திருந்தார். சர்க்கரைகூடக் கொஞ்சம் போட்டிருந்தார். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

“அதுக்கு ஏத்தம் சார். எங்க காலத்துப் பூனையெல்லாம் பழைய கஞ்சியக் குடிச்சுட்டுக் கெடந்துச்சு” என்றார் பாட்டி.

அரை மணி நேரம் கழித்து அது திரும்பி வந்தது. வாயில் ஒரு வெள்ளைக்கண்ணிக் குருவி. கட்டைவிரல் அளவே இருக்கும் அந்தப் பச்சைப் பறவையைப் பாட்டியின் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டது.

பூனைக்கு ஏத்தம்தானா? அதன் தரப்பு வழக்கை இன்று நான் எடுத்துப் பேசப்போகிறேன்.

முதலில் சர்க்கரையைக் கவனிப்போம். பூனைக்கு இனிப்பே தெரியாது. நம் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் இணைந்து உருவாவது. அவற்றுள் ஒன்றைத் தயாரிக்க வேண்டிய மரபணு பூனை இனத்தில் பழுதடைந்து கிடக்கிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு நிலையத்தார் 2005இல் இதைக் கண்டறிந்தனர். புலி, சிறுத்தையிடமும் இதே பழுதுதான். ஆகவே பாட்டி போட்ட சர்க்கரை பூனையின் கணக்கில் வரவேயில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை சரியாகச் செரிப்பதும் இல்லை, வயிற்றுப்போக்குத்தான் மிச்சம்.

பூனையின் உடல் மாமிசத்துக்கென்றே அமைந்த உடல். நாமோ புரதம் குறைவாகக் கிடைத்தால் அதைச் செலவழிக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறோம். பூனையின் கல்லீரல் அவ்வளவாகக் குறைத்துக்கொள்ளாது. திருகி அணைக்க முடியாத அடுப்பைப்போல் அது எப்போதும் புரதத்தை எரித்துக்கொண்டே இருக்கும். காரட்டிலுள்ள மஞ்சள் பொருளை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையால் அது முடியாது. ஆயத்தமான வைட்டமினாகவே அதற்கு வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது டாரின் என்னும் பொருள். இது கந்தகம் அடங்கிய ஓர் அமினோ அமிலம். 1827இல் ஜெர்மனியில் டீடெமன், க்மெலின் என்ற இருவர் காளையின் பித்தநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இலத்தீன் மொழியில் காளைக்கு ‘டாரஸ்’ என்று பெயர். மனிதன் டாரினைத் தன் உடலிலேயே தயாரித்துக்கொள்கிறான். பூனையின் உடல் மிகச் சொற்பமாகவே தயாரிக்கிறது. மாமிசத்திலும் மீனிலும் டாரின் உண்டு, அரிசியில் இல்லை, பசும்பாலில் இருப்பது இல்லாததற்குச் சமம். பாலின் கேசீன் புரதத்தைக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைவதையும், அதற்கு டாரின் குறைவே காரணம் என்பதையும் 1975இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். 1987இல் இன்னொரு செய்தி வந்தது. டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கிவிடுகிறது. இத்தனைக்கும் அந்தப் பூனைகள் தின்றது கடையில் விற்ற பூனை உணவைத்தான்! அதன் பிறகே உற்பத்தியாளர்கள் போதிய டாரினைச் சேர்க்கத் தொடங்கினார்கள். இதயக் கோளாறு டாரின் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிறது. சிதைந்த விழித்திரை மீள்வதில்லை.

இதை எழுதும்போது எனக்கு ஒரு பழைய நினைவு வருகிறது. நான் சிறுவனாக இருந்தபோது கம்பத்தில் மாடி வீடு ஒன்றில் குடியிருந்தோம். பூனைக்குப் பால் சோறு, தயிர்ச் சோறுதான். மாடியைவிட்டு அதை இறங்க விடமாட்டோம். எலி பிடிக்கவும் வழியில்லை. மூன்றாம் வருடம் அது அந்திநேரத்தில் கதவுநிலையில் மோதத் தொடங்கியது. வயதாகிவிட்டது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். மூன்று வயதில் ஒரு பூனைக்கு என்ன மூப்பு வந்துவிடும்! பாட்டி சொன்ன ‘எங்க காலத்துப் பூனை’ கஞ்சியில் வாழவில்லை. கஞ்சிக்குப் பிறகு அது தின்ற எலியில் வாழ்ந்தது.

ஒரு சிறு கணக்கு

மூன்று கிலோ எடையுள்ள நாட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோகலோரி ஆற்றல் வேண்டும். ஒரு சுண்டெலி ஏறத்தாழ 30 கிலோகலோரி. ஆக ஆறேழு எலிகள். புரதம் 13 கிராமுக்குக் குறையக் கூடாது.

பால் சோற்றில் எவ்வளவு கிடைக்கிறது? 120 கிராம் சோறும் 70 மில்லி பாலும் சேர்ந்தால் 200 கிலோகலோரி வந்துவிடும். ஆனால் புரதம் ஐந்தரை கிராம்தான். வயிறு நிறையும், உடல் பட்டினி கிடக்கும். இனி வேறு விதமாகக் கலப்போம். ஜிலேபிக் கெண்டையின் சதை 100 கிராம், கோழியின் இதயம் 30 கிராம், சோறு 40 கிராம். ஆற்றல் ஏறத்தாழ அதே 200 கிலோகலோரி. புரதமோ 25 கிராமுக்கு மேல்!

செலவு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வைகை அணையில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டை விலை உயர்ந்த மீன் அன்று. மீன் தலையையும் கோழியின் இதயத்தையும் கடைக்காரர் கறி விலைக்கு விற்பதில்லை. கோழித் தோலைப் பல கடைகளில் சும்மாவே தருவார்கள். பூனைக்கு வேண்டிய விலங்குக் கொழுப்பு அதில் உண்டு. உங்கள் ஊர் விலையை வைத்து ஒரு கிராம் புரதத்துக்கு எத்தனை பைசா என்று வகுத்துப் பாருங்கள். பாலையும் அதே முறையில் வகுத்து ஒப்பிடுங்கள். விடையைப் பாட்டிமாரிடம் காட்டலாம்.

சில எச்சரிக்கைகள் தேவை. பச்சை மீனில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கக்கூடும். வேகவைத்தால் அது போய்விடும். எண்ணெய்ச் சத்து மிகுந்த மத்தி மீனையே தினமும் போட்டால் வைட்டமின் ஈ குறைந்துவிடும். எனவே மீனும் கோழியும் மாறி மாறி வரட்டும். ஈரல் நல்லதுதான், ஆனால் வாரம் ஒன்றிரண்டு முறை, நெல்லிக்காய் அளவு போதும். அளவு மீறினால் வைட்டமின் ஏ தேங்கிக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெந்த கோழி எலும்பு கூராக முறிந்து குடலைக் குத்தும், எடுத்துவிடுங்கள். எலும்பு போனால் சுண்ணாம்புச் சத்தும் போய்விடுமே! முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து உலர்த்தி மாவாக இடித்து, தினம் ஒரு சிட்டிகை சேருங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகையால் நம் மீன்குழம்பை அப்படியே ஊற்றக் கூடாது.

கடையில் விற்கும் பூனை பிஸ்கட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டாரின் சேர்த்தது என்று அச்சிட்டிருந்தால் ஒரு கைப்பிடி வாங்கிக் கலந்துகொள்ளலாம். வீட்டு உணவில் விடுபடும் நுண்சத்துகள் சில அதில் கிடைக்கும். ஆனால் அதில் ஈரம் பத்து சதவீதம்தான். எலியின் உடலிலோ எழுபது சதவீதம் நீர். பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தாகம் குறைந்த பிராணி. உலர்ந்த உணவையே தின்னும் பூனை அதற்கேற்ற அளவு நீர் குடிப்பதில்லை. பிஸ்கட்டை மீன் வேகவைத்த நீரில் ஊறவைத்துக் கொடுப்பது நல்லது.

அந்த நீரை ஒருபோதும் கொட்டாதீர்கள். டாரின் நீரில் எளிதில் கரையும். மேகமலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கறி வேக நேரம் பிடிக்கிறது. நேரம் ஆக ஆக டாரின் நீருக்குள் இறங்குகிறது. நீரை வடித்துவிட்டுச் சக்கையைப் போடுவது, தேங்காய்ப் பாலைக் கொட்டிவிட்டுத் துருவலைச் சமைப்பது போலாகும்.

பூனை அந்த நீரைக் குடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பௌதிக ஆசிரியனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அது நாக்கைக் கரண்டியாக வளைத்து அள்ளுவதில்லை. நாக்கின் நுனியால் நீர்ப்பரப்பைத் தொட்டு வேகமாக மேலே இழுக்கிறது. ஒரு மெல்லிய நீர்த்தூண் கூடவே எழுகிறது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுப்பதற்குள் பூனை வாயை மூடிக்கொள்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ நான்கு முறை! 2010இல் அதிவேகக் காமிராவால் படம்பிடித்து இதை விளக்கினார்கள்.

மூக்குதான் நடுவர்

சத்துள்ளதைச் சமைத்தாயிற்று. பூனை தின்ன வேண்டுமே! பூனையின் நாக்கில் சுவை மொட்டுகள் சில நூறுதான். நமக்கோ ஆயிரக்கணக்கில் உண்டு. எனவே தின்பதா வேண்டாமா என்று தீர்ப்பளிப்பது அதன் மூக்கு. மணம் என்பது என்ன? உணவிலிருந்து ஆவியாகி வெளியேறும் மூலக்கூறுகள். வெப்பநிலை உயர்ந்தால் ஆவியாதல் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரியில் அதன் தெவிட்டிய ஆவியழுத்தம் 12.8 மில்லிமீட்டர் பாதரசம். 37 டிகிரியில் 47 மில்லிமீட்டர். மூன்றரை மடங்குக்கும் அதிகம்! மணப்பொருள்களும் ஏறத்தாழ இவ்விதமே நடந்துகொள்கின்றன.

மணலாற்றின் ஜனவரிக் காலையில் எவர்சில்வர் தட்டில் வைத்த சோறு சில நிமிடங்களில் சில்லிட்டுவிடும். பூனையின் மூக்குக்கு அது ஏறக்குறைய மணமே இல்லாத பொருள். மேலும், பிடித்த எலி எப்போதும் உடற்சூட்டோடுதான் இருக்கும். குளிர்ந்த இரை என்பது செத்து நாளான இரை. பூனை உடற்சூட்டுக்கு நெருங்கிய உணவை விரும்புவதில் வியப்பில்லை.

இதற்கு மருந்து காசில்லாதது. உணவுக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சற்று வைத்து, 37 டிகிரிக்கு வந்ததும் கொடுங்கள். உலோகத் தட்டு வேண்டாம். வெப்பத்தை எளிதில் கடத்தாத மண்தட்டோ, பிரிமணைமேல் வைத்த தேங்காய்ச் சிரட்டையோ போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை வையுங்கள். இயற்கையில் பூனை ஒரே வேளையில் விருந்துண்ணும் பிராணி அன்று. எலி எலியாகத் தின்பது.

இன்னொரு உபாயமும் உண்டு. மீனிலும் கறியிலும் உள்ள ‘உமாமி’ என்னும் சுவையைப் பூனை நன்கு உணர்கிறது. அதற்கான ஏற்பி அதன் நாக்கில் இருப்பதை 2023இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. நெத்திலிக் கருவாட்டை இருமுறை நீரில் ஊறவைத்து உப்பைப் போக்கி, காயவைத்துப் பொடியாக்குங்கள். ஒரு சிட்டிகை தூவினால் முகம் திருப்பிய பூனை திரும்பி வரும்.

பூனையின் பிடிவாதத்தில் பழக்கத்துக்கும் பங்குண்டு. குட்டிகள் தாய் தின்பதைப் பார்த்தே பழகுகின்றன. 1970களில் கலிபோர்னியாவில் தாய்ப்பூனைகளை வாழைப்பழம் தின்னச் செய்தபோது, குட்டிகளும் கூட நின்று வாழைப்பழம் தின்றன! அதனால் பழைய உணவைத் திடீரென நிறுத்தக் கூடாது. நூறு பங்கில் பத்துப் பங்கு புதியதைக் கலந்து, நாளுக்கு நாள் கூட்டிப் பத்து நாளில் மாற்றுங்கள். ‘பசித்தால் தானே தின்னும்’ என்று பட்டினி போடுவது மிகவும் ஆபத்தானது. இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனையின், அதிலும் பருத்த பூனையின், கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் முழுவதும் எதையுமே தொடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அந்தக் குருவியின் கதைக்கு வருவோம். மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. லயன் வீடுகளை அடுத்துத் தேயிலை, தேயிலையை அடுத்துச் சோலைக்காடு. வீட்டுப் பூனைக்கு இவற்றின் எல்லை தெரியாது. குருவி, தவளை, ஓணான் எல்லாம் அதற்கு இரைதான். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில் மாமிசப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த வீடுகளில், பூனைகள் கொன்று கொண்டுவரும் காட்டுயிர்களின் எண்ணிக்கை 36 சதவீதம் குறைந்தது. தினம் ஐந்து பத்து நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது. கழுத்தில் மணி கட்டியதால் ஒரு பயனும் காணவில்லை! வேட்டையைக் குறைத்தவை நல்ல உணவும், ஒரு கயிற்று நுனியில் கட்டிய கோழி இறகும்தான்.

வீட்டில் நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஒரே உணவை இரண்டு சிரட்டைகளில் சம எடையில் வையுங்கள். ஒன்று 37 டிகிரி. மற்றது அறையின் வெப்பநிலை. பத்து நிமிடம் கழித்து மீதியை எடைபோடுங்கள். சில பூனைகளுக்கு இடப்பக்கமே பிடிக்கும்; ஆகவே மறுநாள் இடம் மாற்றி வைக்க வேண்டும். பத்து நாளாவது செய்யாமல் முடிவு சொல்லக் கூடாது.

மணலாற்று மாணவி இதைப் பன்னிரண்டு நாள் செய்து அட்டவணையோடு கல்லூரிக்குக் கொண்டுவந்தாள். பத்து நாள் சூடான சிரட்டை காலி. இரண்டு நாள் பூனை வீட்டுக்கே வரவில்லை. பாட்டிக்கு வெப்பமானியில் நம்பிக்கை இல்லையாம். சிரட்டையில் புறங்கையை வைத்துப் பார்த்து, “போதும், வை” என்கிறாராம். அவள் அளந்து பார்த்தாள்: 38 டிகிரி.