நாய்க்கு 6 மாதம் “ஜெயில்”!

கப்பலில் இருந்து எஜமானர் இறங்குவார். மனைவி இறங்குவாள். குழந்தைகள் குதித்துக்கொண்டு இறங்குவார்கள். ஆனால், அவர்கள் வளர்த்த நாய் மட்டும் கூடப் போக முடியாது! அதை வண்டியில் ஏற்றி வேறு இடத்துக்குக் கொண்டு போய்விடுவார்கள். அங்கே 6 மாதம் அடைபட்டுக் கிடக்க வேண்டும்.

அது செய்த குற்றம் என்ன? வெளிநாட்டில் இருந்து இங்கிலாந்துக்கு வந்ததுதான்!

20-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இதுதான் சட்டம். பிறகு பூனைக்கும் அதே கதி வந்தது.

ஏன் இந்தக் காவல்?

வெறிநோய்தான் காரணம். வெறிநாய் கடித்த உடனே நோய் வெளியே தெரியாது. சில வாரம், சில மாதம் உடம்புக்குள் பதுங்கி இருக்கும். அதுவரை நாய் நன்றாகச் சாப்பிடும், வாலை ஆட்டும். திடீர் என்று ஒரு நாள் வெறி பிடிக்கும். நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. மனிதனுக்கும் அப்படித்தான்.

6 மாதம் தனியே வைத்தால், பதுங்கி இருக்கும் நோய் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். அதிகாரிகள் போட்ட கணக்கு இது.

இங்கிலாந்தைச் சுற்றிக் கடல். 1902-ம் ஆண்டில் அங்கே வெறிநோயை அடியோடு ஒழித்துவிட்டார்கள். துறைமுகத்தில் காவல் போட்டால், நாடே பிழைக்கும் என்று நினைத்தார்கள்.

சிப்பாய்கள் கொண்டு வந்த வினை

1918-ல் முதல் உலகப்போர் முடியும் நேரம். ஊர் திரும்பிய சிப்பாய்கள் சிலர், போர்முனையில் ஆசையாக வளர்த்த நாய்களை ஒளித்துக் கொண்டு வந்தார்கள். அந்த நாய்கள் மூலம்தான் வெறிநோய் மறுபடியும் நுழைந்தது என்று கருதப்படுகிறது. 300-க்கும் அதிகமான பிராணிகளுக்கு நோய் கண்டது. அதை ஒழிக்க 1922-ம் ஆண்டு வரை பாடுபட வேண்டி இருந்தது.

நடிகையின் யுக்தி

1968-ல் ஆலிவுட் நடிகை எலிசபெத் டெய்லரும், கணவர் ரிச்சர்டு பர்ட்டனும் லண்டனுக்கு வந்தார்கள். செல்ல நாய்களைப் பிரிய மனம் இல்லை. என்ன செய்தார்கள்? ஒரு உல்லாசப் படகை வாடகைக்குப் பிடித்து, தேம்ஸ் நதியில் நிறுத்தினார்கள். நாய்கள் படகிலேயே குடி இருந்தன! கரையில் கால் வைக்காத நாயைச் சட்டம் என்ன செய்யும்?

பணம் உள்ளவர்களுக்குப் படகு. மற்றவர்கள் காவல் கூடத்துக்குப் போய், பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தீனிச் செலவும் அவர்கள் தலையில்தான்!

காவலும் போதவில்லை!

1969-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு நாய், 6 மாதக் காவல் முடிந்து, காம்பர்லி என்ற ஊருக்கு வந்தது. சில நாட்களில் அதற்கு வெறி பிடித்தது. 2 பேரைக் கடித்தது. அக்கம்பக்கத்துக் காட்டில் நோய் பரவி இருக்குமோ என்று பயந்து, நரி, அணில்களை எல்லாம் சுட்டுத் தள்ளினார்கள்.

ஊசி வந்தது, காவல் போனது

தடுப்பு ஊசியும் ரத்தப் பரிசோதனையும் பழைய காவலின் இடத்தைப் பிடித்தன. 2000-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி புதிய திட்டம் வந்தது. முதலில் சில நாடுகளுக்கு மட்டும்; பிறகு பல நாடுகளுக்கு.

இந்தியாவில் இருந்து நாயோ பூனையோ கொண்டு போகிறவர்கள் இன்று என்ன செய்ய வேண்டும்?

முதலில், தோலுக்கு அடியில் அரிசி அளவு “மைக்ரோ சிப்” வைக்க வேண்டும். அதுதான் அடையாளச் சீட்டு. அடுத்து, வெறிநோய்த் தடுப்பு ஊசி. 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஊசி பலித்திருந்தால், ரத்தம் எடுத்த நாளில் இருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். நாய்க்கு, புறப்படும் சமயத்தில் நாடாப்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் டாக்டர் சான்று தேவை.

ஆக, குறைந்தது 4 மாதம்! ஒன்று தவறினாலும், அங்கே 4 மாதம் வரை காவல் கிடைக்கலாம். செலவு சொந்தக்காரருடையது.

ஆகவே, வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் பெட்டி வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் நாயை அழைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள். காத்திருக்கும் 4 மாதமும் அது உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே படுத்திருக்கும்!