கேள்வி கேட்கவும் அனுமதி வேண்டும்

அமெரிக்காவின் மத்திய அரசுத் துறை ஒன்று, ஓராண்டுக்குள் பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்க நினைத்தால் உடனே கேட்டுவிட முடியாது. என்ன கேட்கப்போகிறது, எதற்காகக் கேட்கிறது, பதில் சொல்ல ஒருவருக்கு எத்தனை நிமிடம் பிடிக்கும் என்பதையெல்லாம் அரசிதழில் வெளியிட்டு, பொதுமக்களின் கருத்துக்காக இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். வருமான வரிப் படிவம், விசா விண்ணப்பம், தொழிற்சாலை நிரப்பும் ஆண்டறிக்கை, தொலைபேசிக் கருத்துக்கணிப்பு எல்லாம் இதில் அடங்கும். தாளில் கேட்டாலும் இணையத்தில் கேட்டாலும், பதில் கட்டாயமானாலும் விருப்பமானாலும் விதி ஒன்றே. சட்டம் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘தகவல் சேகரிப்பு’.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையானது பேப்பர்வொர்க் ரிடக்‌ஷன் ஆக்ட். காகித வேலையைக் குறைப்பதற்கான சட்டம் என்று பொருள். இதன் வேர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருக்கிறது. போர்ப் பொருளாதாரத்தை நடத்துவதற்காக ஒவ்வொரு துறையும் நிறுவனங்களிடம் தனித்தனியே புள்ளிவிவரம் கேட்டது. ஒரே விவரத்தை நாலு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துச் சலித்த வணிகர்களின் புகாரால், 1942இல் ஃபெடரல் ரிப்போர்ட்ஸ் ஆக்ட் வந்தது. படிவங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு பட்ஜெட் அலுவலகத்திடம் தரப்பட்டது. ஆனால், எந்தத் துறை அதிகமாகப் படிவம் நீட்டுமோ அந்த வரித்துறைக்கே அச்சட்டம் விலக்கு அளித்திருந்தது. அதனால் பெரிய பலன் ஏதும் விளையவில்லை.

1970களில் அரசின் பணிகள் பெருகின. சுற்றுச்சூழல், தொழிலாளர் பாதுகாப்பு, ஓய்வூதியம், கல்வி உதவி என்று ஒவ்வொரு புதிய சட்டமும் தனக்கென ஒரு கட்டுப் படிவங்களோடு வந்தது. இதை ஆராய 1974இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, நாடாளுமன்ற உறுப்பினர் ஃப்ராங்க் ஹார்ட்டன் அதற்குத் தலைமை ஏற்றார். அரசின் காகித வேலையால் நாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 கோடி டாலர் செலவாகிறது என்று 1977இல் அந்த ஆணையம் சொன்னது. தேர்தலில் தோற்றிருந்த ஜிம்மி கார்ட்டர், பதவியை விட்டுப் போக ஆறு வாரம் இருக்கையில், 1980 டிசம்பர் 11 அன்று புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த முறை வரித்துறைக்கும் விலக்கு இல்லை.

அதிபரின் கீழ் இயங்கும் மேலாண்மை, பட்ஜெட் அலுவலகத்துக்குள் இந்தச் சட்டம் ஒரு சிறு பிரிவை உருவாக்கியது. தகவல், ஒழுங்குமுறை விவகாரங்களைக் கவனிக்கும் இந்தப் பிரிவை வாஷிங்டனில் ‘ஒய்ரா’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். படிவங்களைப் பார்க்க அமைத்த இந்தப் பிரிவிடம், அடுத்த ஆண்டே ரொனால்ட் ரீகன் துறைகளின் விதிமுறைகளைப் பரிசீலிக்கும் வேலையையும் ஒப்படைத்தார். பொதுமக்களில் பெரும்பாலோர் பெயரே கேள்விப்பட்டிராத இந்தப் பிரிவு, அமெரிக்க நிர்வாகத்தின் மிகச் செல்வாக்கான வாசல்களில் ஒன்றாக ஆனது அப்படித்தான்.

சட்டத்தின் எல்லை எதுவரை என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆபத்தான வேதிப்பொருள்களைப் பற்றி முதலாளிகள் தொழிலாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியின் சில பகுதிகளை பட்ஜெட் அலுவலகம் தடுத்திருந்தது. எஃகுத் தொழிலாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. அரசுக்குத் தகவல் தரச் சொல்லும் விதிகளை மட்டுமே அந்த அலுவலகம் தடுக்கலாம், தொழிலாளருக்குத் தகவல் தரச் சொல்லும் விதிகளைத் தொடக்கூடாது என்று 1990இல் தீர்ப்பு வந்தது. ஐந்தாண்டு கழித்து நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி எழுதி, அந்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பில் கிளின்டன் 1995 மே மாதம் கையெழுத்திட்ட அந்தத் திருத்த வடிவம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. துறைகள் தாமே முதலில் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதியும் அதில்தான் உறுதியானது.

நடைமுறை இதுதான். படிவத்தைத் தயாரிக்கும் துறை, ‘ஃபெடரல் ரெஜிஸ்டர்’ என்ற அரசிதழில் அறிவிப்பு கொடுத்து 60 நாள் அவகாசம் தருகிறது. அறிவிப்பு மக்களிடம் சில கேள்விகளை வைக்கும். துறையின் வேலைக்கு இந்தத் தகவல் உண்மையிலேயே தேவையா, அதனால் நடைமுறைப் பயன் உண்டா? சுமை பற்றிய கணக்கு சரியா? கேள்விகளை இன்னும் தெளிவாகக் கேட்க வழி இருக்கிறதா? கணினி வழியாகவோ வேறு விதமாகவோ வேலையைக் குறைக்க முடியுமா? வந்த கருத்துகளைப் பார்த்து, வேண்டுமானால் படிவத்தைத் திருத்தி, துறை அதை ஒய்ராவுக்கு அனுப்புகிறது. அப்போது இரண்டாவது அறிவிப்பு வெளியாகும். இந்த முறை 30 நாள், கருத்துகள் போய்ச் சேருமிடம் ஒய்ரா. தன் கைக்கு வந்த 60 நாளுக்குள் ஒய்ரா முடிவு சொல்ல வேண்டும். ஆக, ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்க ஆறு மாதம், சில சமயம் அதற்கும் மேல். அவசரம் என்று நிரூபித்தால் ஆறு மாதத்துக்கு மட்டும் குறுக்குவழி உண்டு. குற்ற விசாரணை, குறிப்பிட்ட ஒருவர் மீதான நடவடிக்கை, உளவு வேலை போன்றவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நாடாளுமன்றமும் நீதிமன்றங்களும் இதற்குள் வராது.

அனுமதி கிடைத்த படிவத்துக்கு எட்டு இலக்க எண் ஒன்று தரப்படும். தனிநபர் வருமான வரிக்கான 1040 படிவத்தின் மேல்மூலையில் 1545-0074 என்று இருப்பது அதுதான். முதல் நான்கு இலக்கம் துறைக்குரியது, அடுத்த நான்கு அந்தப் படிவத்துக்குரியது. அனுமதி அதிகபட்சம் மூன்றாண்டு. அதற்குப் பிறகும் படிவம் வேண்டுமானால் அறிவிப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

சட்டத்தின் பல் இந்த எண்ணில்தான் இருக்கிறது. செல்லுபடியாகும் எண் இல்லாத படிவத்தை நிரப்ப மறுத்த ஒருவரை அதற்காகத் தண்டிக்க முடியாது. இதைப் பிடித்துக்கொண்டு, வரிப் படிவத்திலோ அதன் விளக்கக் குறிப்பிலோ எண் சரியாக இல்லை, ஆகவே வரிக்கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று வாதிட்டவர்கள் அமெரிக்காவில் பலர். நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. வரிக்கணக்குக் கொடுக்கும் கடமை நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்து வருகிறதே ஒழிய, படிவத்திலிருந்து வரவில்லை என்பது அவற்றின் பதில். கெட்டிக்கார வாதந்தான், பலித்திருந்தால் கருவூலம் காலியாகியிருக்கும்.

இந்த ஏற்பாட்டின் மிகச் சுவையான பகுதி சுமைக் கணக்கு. குறிப்புகளைப் படிக்கும் நேரம், பழைய ரசீதுகளைத் தேடும் நேரம், எழுதும் நேரம், நகல் எடுத்துப் பாதுகாக்கும் நேரம் எல்லாம் சேர்த்து, எத்தனை பேர் ஆண்டுக்கு எத்தனை முறை நிரப்புவார்கள் என்பதால் பெருக்கி, மொத்த மணி நேரத்தைத் துறை அறிவிக்க வேண்டும். அரசு நேரடியாக ஒரு காசும் வசூலிக்காவிட்டாலும் குடிமக்களின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது, அதற்கும் கணக்கு வேண்டும் என்ற எண்ணமே இதன் பின்னால் இருக்கிறது. எல்லாத் துறைகளையும் கூட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 கோடி மணி நேரம் வருகிறது. பெரும்பங்கு வரித்துறையினுடையது. இந்தக் கணக்குகளில் பல மேசையில் உட்கார்ந்து போட்ட ஊகங்கள் என்பதும் உண்மை. அதனால்தான் படிவத்தை நிஜமாக நிரப்புகிறவர்களின் கருத்து இங்கே மதிப்புப் பெறுகிறது.

கருத்துகள் படிவத்தை மாற்றிய நல்ல உதாரணம், ஊதிய வேறுபாடு பற்றியது. சம வேலைவாய்ப்புக்கான ஆணையம், நூறு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் ஊதிய விவரத்தைப் பால், இனம் வாரியாகத் தர வேண்டும் என்று 2016 தொடக்கத்தில் முன்மொழிந்தது. கெடு செப்டம்பர் இறுதி. நிறுவனங்களோ, வரித்துறைக்காக ஊதியச் சான்றைக் காலண்டர் ஆண்டுக் கணக்கில்தான் தயாரிக்கிறோம், ஆண்டு நடுவில் கேட்டால் கணக்கை இரண்டு தடவை போட வேண்டிவரும் என்றன. வாதத்தில் நியாயம் இருந்ததால், ஆணையம் கெடுவை மறு ஆண்டு மார்ச் 31க்குத் தள்ளியது. ஒபாமா ஆட்சியின் கடைசி மாதங்களில் ஒய்ரா அனுமதியும் கொடுத்தது. கதை அதோடு முடியவில்லை. ஆட்சி மாறியதும் 2017 ஆகஸ்டில், சுமை அதிகம் என்று சொல்லி பட்ஜெட் அலுவலகம் அதே அனுமதியை நிறுத்தி வைத்தது. போதிய காரணம் காட்டாமல் நிறுத்தியது செல்லாது என்று 2019 மார்ச்சில் வாஷிங்டன் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, விவரங்கள் சேகரிக்கப்பட்டன. சுமை என்ற ஒரே சொல்லை ஒரு தரப்பு வேகத்தடையாகவும் மறுதரப்பு கேடயமாகவும் பயன்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எதிர்மாறான உதாரணம் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகனா’ என்ற கேள்வியைச் சேர்க்கப்போவதாக வணிகத்துறைச் செயலர் வில்பர் ராஸ் 2018 மார்ச்சில் அறிவித்தார். பொதுமக்கள் கருத்துக்கான அறிவிப்பு ஜூனில்தான் வந்தது. முடிவை முதலில் எடுத்துவிட்டுக் கருத்தைப் பிறகு கேட்டார்கள். குடியேறிய குடும்பங்கள் அஞ்சி ஒதுங்கிவிடும், எண்ணிக்கை குறைந்துவிடும் என்று கருத்துகள் குவிந்தபோதும் கேள்வி அசையவில்லை. அதை அசைத்தது உச்ச நீதிமன்றம். அரசு சொன்ன காரணம் உண்மைக் காரணமாகத் தெரியவில்லை என்று 2019 ஜூன் 27 அன்று தீர்ப்பு வந்தது. அடுத்த மாதம் அரசு கேள்வியைக் கைவிட்டது. அந்தத் தீர்ப்பும் காகித வேலைச் சட்டத்தின் கீழ் வந்ததல்ல, நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் கீழ் வந்தது.

சட்டத்தின் மீது குறைகளும் நிறைய. பெரும்பாலான அறிவிப்புகளுக்கு ஒரு கருத்துகூட வருவதில்லை. அரசிதழை யாரும் காலைக் காபியோடு படிப்பதில்லை. வணிகச் சங்கங்களும் வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும்தான் கவனிக்கிறார்கள். உதவித்தொகைப் படிவத்தோடு மல்லாடும் ஏழைத் தாயின் குரல் அங்கே கேட்பது அரிது. அதிகாரிகளின் புலம்பல் வேறு விதம். புதிய இணையதளம் மக்களுக்குப் புரிகிறதா என்று இருபது பேரிடம் கேட்டுப் பார்க்கக்கூட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. அதனால் ஒன்பது பேரோடு சோதனையை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் துறைகளில் வளர்ந்தது. படிவத்தைச் செம்மையாக்குவதற்கான சோதனையையே படிவச் சட்டம் தடுப்பது விசித்திரம்தான். 2010க்குப் பிறகு இத்தகைய சிறு ஆய்வுகளுக்கு மொத்தமாக முன் அனுமதி தரும் வழியை ஒய்ரா திறந்துவிட்டது. சட்டத்தின் பெயரில் உள்ள ‘குறைப்பு’ மட்டும் நடக்கவில்லை. 1996, 1997 இரண்டு ஆண்டுகளிலும் பத்து சதவீதம், அடுத்த நான்காண்டுகளில் ஐந்து சதவீதம் வீதம் சுமையைக் குறைக்க வேண்டும் என்று 1995 சட்டம் இலக்கு வைத்தது. சுமை ஏறியது. நாடாளுமன்றம் இயற்றும் ஒவ்வொரு புதிய சட்டமும் புதிய படிவத்தைக் கேட்கும்போது, ஒரு சிறு அலுவலகம் எவ்வளவுதான் தடுக்கும்?

சென்னையில் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிப்பவர்களையும் இந்த நடைமுறை தொடுகிறது. விண்ணப்பதாரர்கள் கடந்த ஐந்தாண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயரைத் தர வேண்டும் என்று வெளியுறவுத் துறை 2018 மார்ச் 30 அன்று அறிவிப்பு வெளியிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் தற்காலிக விசா விண்ணப்பதாரர்களையும், நிரந்தரமாகக் குடியேற விரும்பும் 7 லட்சத்து 10 ஆயிரம் பேரையும் இது பாதிக்கும் என்பது துறையின் சொந்தக் கணக்கு. பேச்சுரிமை அமைப்புகள் எதிர்த்தன. ஆனாலும் அனுமதி கிடைத்து, 2019 மே இறுதியில் கேள்வி டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் ஏறியது. இதே போன்ற கேள்வியை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் குடியேற்ற, பயணப் படிவங்களில் சேர்க்க முயன்றபோது விளைவு மாறியது. இந்தத் தகவலால் நடைமுறைப் பயன் உண்டு என்று துறை போதுமான அளவு காட்டவில்லை என்று சொல்லி, 2021 ஏப்ரலில் ஒய்ரா மறுத்துவிட்டது. மறுப்பும் நிரந்தரம் அல்ல. 2025 மார்ச்சில் குடியேற்றச் சேவை அமைப்பு அதே கேள்வியோடு புதிய அறிவிப்பை வெளியிட்டது.

கருத்துச் சொல்ல அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. எந்த நாட்டிலிருந்தும் யாரும் இலவசமாக எழுதலாம், வழக்கறிஞர் மொழி வேண்டியதில்லை. எழுதுவது பொதுவில் வெளியாகும் என்பதால் சொந்த விவரங்களைத் தவிர்ப்பது நல்லது. வெறும் எதிர்ப்பையோ ஆதரவையோவிட, குறிப்பான தகவலுக்குத்தான் எடை அதிகம். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று துறை சொன்ன படிவம் உண்மையில் எவ்வளவு நேரம் பிடித்தது, எந்தக் கேள்வி இரண்டு விதமாகப் பொருள்படுகிறது, எந்த விவரம் அரசின் இன்னொரு துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பன போன்றவற்றுக்குத் துறை எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலும் படிவத்தோடு ஒய்ராவுக்குப் போகும் கோப்பில் இடம்பெறும்.