டிராக்டர் ஏன் மல்லாக்கக் கவிழ்கிறது?

கல்லங்குறிச்சிப் பக்கம் மலை கிடையாது. டிராக்டர் கவிழ மலை தேவையுமில்லை. ஓடைக்கரையும், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய மண்மேடும், மழையில் ஊறிய கரிசல் வரப்பும் போதும். வண்டி குடைசாய்ந்தால், வேகமாக ஓட்டினான் என்று டிரைவர் மேல் பழியைப் போட்டு முடித்துவிடுகிறோம். வேகம் ஒரு காரணம்தான். டிராக்டரின் எடை உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமோ குறைவு. சரிவில் குறுக்காகப் போகையில் அந்த எடை கீழ்ப்பக்கச் சக்கரத்தைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால், எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் வண்டி நிற்காது.

இதைவிட விந்தையானது பின்பக்கமாக மல்லாப்பது. சமதரையிலும் அது நடக்கும். இன்ஜின் பின் அச்சைச் சுழற்றுகிறது; சக்கரம் உருள்கிறவரை வண்டி முன்னே போகும். சேற்றில் புதைந்த சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால், உருள முடியாத சக்கரம் அப்படியே நிற்க, வண்டியின் உடலே அச்சைச் சுற்றி மேலே எழும்பும். சங்கிலியை அச்சுக்கு மேலே மாட்டி இழுத்தாலும் இதே கதைதான். கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மாட்டினால், முன்பக்கம் எழும்ப எழும்பக் கொக்கி தாழ்ந்து, இழுப்பின் பிடி தளரும். மேலே மாட்டியது வண்டியைப் பின்னுக்கே சாய்க்கும். புதைந்தால் ரிவர்ஸில் எடுக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிட வேண்டும்.

அனுபவசாலி குதித்துத் தப்பிவிடுவார் என்பார்கள். முன்சக்கரம் எழும்பித் திரும்ப முடியாத நிலையை எட்ட ஏறக்குறைய ஒரு நொடி போதும். கால் கிளட்சைத் தேடவே அந்த நேரம் ஆகிவிடும். அதனால்தான் ஸ்வீடன் 1959இலேயே புது டிராக்டர்களுக்கு, கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவரை நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே கவிழ்ந்து சாகிறவர்களின் எண்ணிக்கை பின்னர் வெகுவாகச் சரிந்தது. நம் ஊரில் வெயிலுக்குப் போடும் தகரக் கூரை அதற்கு ஈடாகாது. வண்டியின் எடையில் அது நசுங்கிவிடும். கலப்பைக்கும் ரொட்டவேட்டருக்கும் யோசிக்காமல் செலவழிக்கிறவர்கள், ஓட்டுகிறவரின் உயிருக்கு என்றதும் கணக்குப் பார்ப்பது வருத்தமாக இருக்கிறது.

முந்திரிக் காட்டில் இந்தச் சட்டம் கிளையில் தட்டும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு மடக்கும் சட்டம் உண்டு. மரத்தடியில் மடக்கி, வெளியே வந்ததும் நிமிர்த்திப் பூட்டிவிட வேண்டும். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் அவசியம். மடக்கியிருந்தாலோ, சட்டமே இல்லாவிட்டாலோ பெல்ட் போடக் கூடாது. கவிழ்கிற வண்டியோடு ஆளையும் அது கட்டிப்போட்டுவிடும்.