நாலாவது டிவிஷனில் ஒரு லெஃப்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு ஆண்பிள்ளை எழுந்து, குளித்து, சட்டையை மாட்டினால் ஒன்று மட்டன் வாங்கப் போகிறான், இல்லை கல்யாணத்துக்குப் போகிறான். நான் இரண்டுக்கும் போவதில்லை. என் மனைவிக்கு இது நாலு வருஷமாகத் தீராத சந்தேகம்.

"அப்படி யார் ஆடறாங்க, தோனியா?"

இல்லை.

"டி.வி.ல காட்டுவாங்களா?"

மாட்டார்கள்.

"அப்ப ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?"

இதற்குப் பதில் தெரிந்தால் நான் ஏன் அம்பத்தூரில் குடியிருக்கிறேன்? ஃபிளாஸ்க்கில் காபியை ஊற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டிவிடுவேன். ஆவடிப் பக்கம் ஒரு மைதானம். அங்கே லீக் மேட்ச். முதல் டிவிஷன் என்று நினைத்துவிடாதீர்கள். நாலாவது டிவிஷன்!

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் சென்னையில் நடத்தும் லீக், அடுக்குமாடி மாதிரி. மேல் மாடியில் முதல் டிவிஷன். கம்பெனிகளின் பணம், ரஞ்சி ஆட்டக்காரர்கள், வெளிமாநிலத்திலிருந்து வந்து ஆடும் பெரிய பெயர்கள், ஜெயித்தால் பாளையம்பட்டி ராஜா ஷீல்டு எல்லாம் அங்கே. பேப்பரில் ஸ்கோர் வரும். அங்கிருந்து படியிறங்கினால் இரண்டு, மூன்று, நாலு... இறங்க இறங்கப் புல் குறைந்துகொண்டே வரும். நான் போகும் மைதானத்தில் புல் முழுக்கவே வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போய்விட்டது.

மொத்த ரசிகர்கள் நாலு பேர். நான். டாங்க் ஃபாக்டரியில் ரிடையர் ஆன இரண்டு பெரியவர்கள். அப்புறம் ஒரு பழுப்பு நாய். (நாய்தான் ரெகுலர். பெரியவர்கள் அமாவாசைக்கு வரமாட்டார்கள்.)

இது ஏதோ ஆவடித் தண்ணீரால் வந்த பைத்தியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் இதே பைத்தியத்துக்கு ஆபீஸில் லீவு போட்டுவிட்டு, ப்ளேன் ஏறிப் போகிறார்கள். அங்கே பேஸ்பால் சீஸன் ஆரம்பிப்பதற்கு முன், பிப்ரவரி, மார்ச்சில் 30 டீம்களும் வெயில் தேடிக் கிளம்பிவிடும். 15 டீம் ஃப்ளோரிடாவுக்கு, 15 டீம் அரிசோனாவுக்கு. ஃப்ளோரிடாவில் நடக்கும் பயிற்சி மேட்சுகளுக்கு கிரேப்ஃப்ரூட் லீக் என்று பெயர், அதாவது நம் பம்பளிமாஸுக்குச் சொந்தக்காரப் பழம். அரிசோனா பாலைவனம், அதனால் அங்கே கள்ளிச்செடி லீக். இந்த மேட்சுகளில் ஜெயித்தாலும் தோற்றாலும் பாயின்ட் கிடையாது. ஆனாலும் பக்கத்து மைதானத்தில் பயிற்சி செய்யும் பொடியன்களைப் பார்க்க வேலி ஓரம் ஜனங்கள் நிற்பார்கள். அந்தப் பொடியன்களுக்கு 'மைனர் லீக்' ஆட்டக்காரர்கள் என்று பெயர். அவர்களில் எவன் நாளைய ஹீரோ என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் அந்த ரசிகர்களுக்கு ஒரு அலாதி சுகம்.

அந்தப் பொடியன்களுக்கு அந்தப் பயிற்சிக் காலத்தில் சம்பளமே கிடையாது என்பது ரொம்ப நாள் யாருக்கும் உறைக்கவில்லை. அவர்களே கோர்ட்டுக்குப் போனார்கள். 2022-ல் 18.5 கோடி டாலர் தருவதாகச் சொல்லி ராஜி ஆனார்கள் முதலாளிகள்.

நம் ஊர்ப் பையன்கள் இரண்டு பேரும் அந்த வேலிக்கு உள்ளே நின்றிருக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்து ரிங்கு சிங், தினேஷ் படேல். இருவரும் ஈட்டி எறிகிறவர்கள். 2008-ல் ஒரு டி.வி. போட்டிக்காக வேகமாகப் பந்து எறியச் சொன்னார்கள், எறிந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற டீம் இருவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. பேஸ்பால் என்றால் என்ன என்று தெரியாத இருவர் ஃப்ளோரிடா கேம்ப்பில்! 2014-ல் டிஸ்னி கம்பெனி இதை 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாகவே எடுத்தது. மியூசிக் நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். படம் சந்தோஷமாக முடிந்துவிடும். வாழ்க்கையில் அதற்கப்புறமும் ரீல் ஓடியது. தினேஷை இரண்டே வருஷத்தில் டீம் விடுவித்துவிட்டது, ஊருக்குத் திரும்பினார். ரிங்கு மைனர் லீகில் சில படிகள் ஏறினார், காயம் வந்தது, கடைசியில் 2018-ல் மல்யுத்த ஷோவுக்குப் போய்விட்டார். பெரிய லீகில் இரண்டு பேரும் ஒரு பந்துகூடப் போடவில்லை.

சரி, நம் ஆவடிக்கு வருவோம்.

நாலாவது டிவிஷன் என்றதும் உதட்டைப் பிதுக்கினீர்களே, அவர்களுக்காக இரண்டு பெயர்கள். முதல் ஆள் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். இருபது வயசு வரை டென்னிஸ் பால்தான். ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர் அண்ணன் கைப்பிடித்துச் சென்னைக்கு அழைத்து வந்தார். 2010-11-ல் பி.எஸ்.என்.எல். டீமுக்காக நாலாவது டிவிஷனில் ஆடினார். 2015 ஜனவரியில் முதல் ரஞ்சி மேட்ச். சந்தோஷப்படுவதற்குள் பௌலிங் ஆக்ஷன் சரியில்லை என்று புகார். கையை மறுபடி பழக்கி எடுக்கவே ஒரு வருஷம் போயிற்று. 2016 டி.என்.பி.எல்.லில் ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கர். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலைக்கு வைத்த ஆளைப் பஞ்சாப் டீம் 3 கோடிக்கு வாங்கியது. 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு நெட் பௌலராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வலை கட்டிய இடத்தில் பந்து போட்டுக் கொடுப்பதற்காகப் போனவர், மற்றவர்களுக்கு அடிபட அடிபட, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் இந்தியத் தொப்பியோடு நின்றார். நாலாவது டிவிஷனிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பத்து வருஷம்!

அடுத்த ஆள் வருண் சக்கரவர்த்தி. கட்டடக் கலை படித்து ஆபீஸ் வேலையும் பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு வேகப்பந்து போடப் போய், முழங்காலில் அடிபட்டு, சுழலுக்கு மாறினார். 2017-18-ல் ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்காக நாலாவது டிவிஷனில் 7 மேட்சில் 31 விக்கெட். அடுத்த டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடி. அதற்கப்புறமும் நேர்க்கோடு இல்லை. காயம், இந்தியா சான்ஸ், மூன்று வருஷம் வனவாசம், திரும்பவும் சான்ஸ். 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தபோது வயசு 33.

வருணின் அந்த 31 விக்கெட்டை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டு பெரியவர், ஒரு நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜென்மத்துக்கும் பீற்றிக்கொள்ளலாம். என் பேராசை இதுதான், வேறொன்றுமில்லை.

நான் பி.காம். அதனால் கிரெடிட்டை எழுதினால் டெபிட்டையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. டெபிட் பக்கம் பெரிசு. ஏலத்தில் பெயர் வந்த பிறகும் கதவு திறக்காமல் நிற்கும். சாய் கிஷோரை 2019 டிசம்பரில் சென்னை டீம் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2020, 2021 இரண்டு சீஸனும் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. 2022-ல் குஜராத் 3 கோடிக்கு எடுத்த பிறகுதான் பந்து கைக்கு வந்தது. அவராவது பனியன் வாங்கினார். பனியனும் இல்லாமல், பேப்பரிலும் வராமல், முப்பது வயசில் மைத்துனன் கடையில் பில் போட உட்கார்ந்தவர்களை எந்த லெட்ஜரில் எழுதுவது?

இப்போது என் ஆள். பெயர் வேண்டாம், லெஃப்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவுக்குப் பின்தெரு. வயசு 23. இவனும் பி.காம். இடது கை வேகம். ஓடி வரும்போது தோளைப் பார்த்தால் ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரிதான் இருக்கும். பந்து விழுந்த பிறகுதான் விஷயமே. வெளியே போகிற மாதிரி வந்து வலது கை ஆட்டக்காரனின் முழங்காலுக்கு உள்ளே வரும். ஸ்பைக்ஸ் ஷூவின் அடிப்பாகம் இரண்டு முறை பிய்ந்து, சைக்கிள் கடை சொல்யூஷன் போட்டு ஒட்டியிருக்கிறான். (சைக்கிளுக்குப் பெயர் போன அம்பத்தூரில் இதற்கா பஞ்சம்!)

அப்பாவுக்கு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மெஷின் சத்தத்திலேயே இருபத்தெட்டு வருஷம். அதனால் வீட்டில் ரொம்பப் பேசமாட்டார். அதே கம்பெனி ஸ்டோர்ஸில் பையனுக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருந்தார். ஒண்ணாம் தேதி சேர வேண்டும். வாரம் ஒருநாள் லீவு, ஆனால் அது ஞாயிறாகத்தான் இருக்கும் என்று கிடையாது. சுருக்கமாகச் சொன்னால் கிரிக்கெட் க்ளோஸ்.

இந்த நேரம் பார்த்துத்தான் மார்ச்சில் லெஃப்டிக்கு ஒரு போன். ஐ.பி.எல்.லுக்கு முந்தைய கேம்ப், சேப்பாக்கம், நெட் பௌலராக வர முடியுமா என்று. பின்தெருவே திருவிழா. பால்காரர்கூட 'ஆல் தி பெஸ்ட்' சொன்னார். அவன் அம்மா புதுச் சட்டை எடுக்கப் போய்விட்டார்கள். வெள்ளை பனியன்தான் போடணும் என்று சொல்லி நான்தான் நிறுத்தினேன்.

சென்னையில் அந்தக் கேம்ப் என்றால் சும்மா இல்லை. 2019 மார்ச்சில் பயிற்சி மேட்ச் பார்க்கவே ஆயிரக்கணக்கில் ஜனங்கள் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். நம் கள்ளிச்செடி லீக் அதுதான். வித்தியாசம் ஒன்று. அங்கே பொடியனைப் பார்க்க வருகிறார்கள். இங்கே ஸ்டாரைப் பார்க்க வருகிறார்கள். பந்து போடும் பொடியன் யாரென்று ஒருத்தரும் கேட்பதில்லை.

ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி வந்தவனை டீக்கடை வாசலில் மடக்கினேன்.

"எப்பிடிப்பா இருந்துச்சு?"

"செம வெயிட் பேட்டுண்ணா. சத்தமே வேற."

"யாருக்குப் போட்டே?"

சொன்னான். நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

"ஒரு பால் உள்ள வந்துச்சுண்ணா. ஆஃப் ஸ்டம்ப் போயிடுச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"பேட்டாலேயே பாலைத் தள்ளி விட்டாரு. அப்புறம் இப்பிடி..." கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "அடுத்த மூணு பாலையும் மேல அடிச்சாரு. பாலைப் பொறுக்க ஆள் போச்சு."

"போன் நம்பர் ஏதாவது வாங்கிக்கிட்டாங்களா?"

"ஏற்கெனவே இருக்குண்ணா அவங்ககிட்ட."

டீ ஆறிவிட்டது. அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான் என்று அவன் அம்மா சொன்னார்கள். போன் வந்தது, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று.

டி.என்.பி.எல். பக்கம் ஒரு வெளிச்சம் தெரியாமல் இல்லை. 2023-லிருந்து அங்கேயும் ஏலம் வந்துவிட்டது. அந்த முதல் ஏலத்தில் சாய் சுதர்சனைக் கோவை டீம் 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐ.பி.எல்.லில் அவர் சம்பளம் 20 லட்சம்தான்! ஆனால் அந்த ஏலத்தில் ஒருவன் பெயரைக் கூப்பிடுவதற்கு முன் யாராவது ஒருத்தர் அவனைப் பார்த்திருக்க வேண்டுமே. பார்ப்பதற்கு எங்கள் மைதானத்தில் யார் இருக்கிறார்கள்? நாய் கணக்கில் சேராது.

கேம்ப்புக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு. லெஃப்டிக்கு அநேகமாகக் கடைசி மேட்ச். முதலில் பேட் செய்த அவன் டீம் 140 சொச்சத்தில் சுருண்டது. மத்தியானம் லெமன் ரைஸ் பார்சல். ஊறுகாய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டே கேப்டன், "நீ இந்தப் பக்கம் போடு" என்று பந்தைத் தந்தான்.

பாய் விரித்த பிட்ச். புதுப் பந்து. நாலாவது பந்து உள்ளே வந்து ஆட்டக்காரனின் காலில் மோதியது. அம்பயர் யோசித்தார், கையைத் தூக்கினார். பெரியவர்களில் ஒருவர் எழுந்து கை தட்டினார். மேட்சில் கேட்ட மொத்தக் கைதட்டல் அவ்வளவுதான். அடுத்த ஓவரில் இன்னொன்று, ஸ்டம்ப் பாயில் உருண்டது.

அப்போதுதான் பார்த்தேன். காம்பவுண்டு ஓரம், வேப்ப மரத்தடியில், சைக்கிளைக் காலால் தாங்கிக்கொண்டு அவன் அப்பா. கம்பெனி சட்டையோடு. ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார். மைதானத்துக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பேசவில்லை.

லெஃப்டி ஒன்பது ஓவர் போட்டான். 31 ரன், 3 விக்கெட். ஸ்லிப்பில் ஒரு கேட்ச்சைக் கோட்டை விட்டார்கள், இல்லாவிட்டால் நாலு. கடைசியில் எதிர் டீம் இரண்டு விக்கெட் மிச்சம் வைத்து ஜெயித்துவிட்டது. பையன்கள் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

"சார், நம்மாளு நல்லா போட்டானா?"

"நல்லா போட்டான்."

"ஜெயிச்சாங்களா?"

"இல்லீங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். பையன் தூரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த மேட்ச்சு எப்போ சார்?"

"வர்ற மாசம். மூணாம் தேதி, பூந்தமல்லிப் பக்கம்."

ஒண்ணாம் தேதியை அவர் மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. விரல் விட்டு எதையோ எண்ணினார். ஃபிளாஸ்க் மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஏறினார். பெடலில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"எஸ்டேட்லேர்ந்து பூந்தமல்லிக்கு நேரா பஸ் இருக்கா சார்?"