1979 புரட்சி: கறுப்பு வெள்ளி

1979 புரட்சி: கறுப்பு வெள்ளி என்பது ஈரானியப் புரட்சியைக் களமாகக் கொண்டு, 2016 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்த ஒரு நிகழ்பட ஆட்டம் ஆகும். ஆட்டக்காரரின் முடிவுகளுக்கேற்பக் கதை நகரும் சாகச வகையைச் சேர்ந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த இங்க் ஸ்டோரீஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது. முதலில் கணினிகளுக்கும், பின்னர் நகர்பேசிகளுக்கும் பிளேஸ்டேசன் 4 முதலிய ஆட்டக் கருவிகளுக்கும் வெளியிடப்பட்டது.

வரலாற்றுப் பின்னணி

1978 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலையில் தெகுரானில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அதனை அறியாமலே பலர் சாலே சதுக்கத்தில் மன்னர் முகம்மது ரேசா பகலவிக்கு எதிராகக் கூடினர். அவர்கள் மீது படையினர் சுட்டனர். தடை உத்தரவை அறியாது 1919 இல் சாலியன்வாலா பாக்கில் கூடியவர்களின் கதி இந்திய வாசகர்களுக்கு நினைவுக்கு வரலாம். ஆயிரக்கணக்கானோர் மாண்டதாக அப்போது எதிரணியினர் கூறினர். ஈரானிய ஆய்வாளர் இமாதுதீன் பாகி பின்னாளில் தொகுத்த கணக்கின்படி அன்று இறந்தோர் 88 பேர். அவர்களுள் 64 பேர் சாலே சதுக்கத்தில் இறந்தவர்கள். எண்ணிக்கை எதுவாயினும், மன்னருடன் சமரசம் காணும் வாய்ப்பு அன்றோடு பெரிதும் அற்றுப்போனது. 1979 சனவரி 16 அன்று மன்னர் நாட்டை விட்டு வெளியேறினார்.

கதையும் ஆட்டமுறையும்

செருமனியிலிருந்து தாயகம் திரும்பிய இளம் ஒளிப்படக் கலைஞர் ரேசா சிராசி கதையின் நாயகன். 1980 இல் ஏவின் சிறையில் அவன் விசாரிக்கப்படுகிறான். கதை அங்கிருந்து பின்னோக்கிச் செல்கிறது. அமைதி வழியை நாடும் நண்பன் பாபக், ஆயுதத்தை நாடும் உறவினன் அலி, மன்னரின் பக்கம் நிற்கும் அண்ணன் உசேன் ஆகியோரிடையே ரேசா அகப்பட்டுக்கொள்கிறான்.

உரையாடலின்போது திரையில் தோன்றும் விடைகளுள் ஒன்றைக் குறித்த நொடிகளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். பேசாதிருப்பதும் ஒரு விடையே. கூட்டம் கல்லெறியும்போது தானும் எறிவதா என்பது போன்ற முடிவுகள் ஆட்டக்காரரிடமே விடப்படுகின்றன. ஆனால் இத்தேர்வுகள் வரலாற்றை மாற்றுவதில்லை. எவ்வழியில் சென்றாலும் சதுக்கத்தில் துப்பாக்கிகள் வெடித்தே தீரும். யார் ரேசாவை நம்புவர், விசாரணையில் யாரை அவன் காட்டிக்கொடுப்பான் என்பவையே மாறக்கூடியவை. ஆட்டத்தின் வலு இதில்தான் உள்ளது எனலாம்.

ரேசாவின் ஒளிப்படக்கருவியால் ஆட்டக்காரர் படம் எடுக்கலாம். எடுத்தவுடன், அக்காலத்தில் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் மிசேல் செத்பூன் எடுத்த உண்மைப் படம் அருகில் காட்டப்படுகிறது.

உருவாக்கம்

இயக்குநர் நவீத் கோன்சாரி புரட்சிக்குப் பின் சிறுவயதிலேயே குடும்பத்துடன் ஈரானிலிருந்து கனடாவுக்குச் சென்றவர். கிராண்ட் தெப்ட் ஆட்டோ வரிசை ஆட்டங்களில் பணியாற்றியவர். புரட்சியில் பங்குகொண்ட, பல தரப்புகளைச் சேர்ந்தோரை நேர்கண்டு இக்கதை அமைக்கப்பட்டது. 2013 இல் இணையவழியே பொதுமக்களிடம் நிதி திரட்ட எடுத்த முயற்சி இலக்கை எட்டவில்லை.

ஈரானில் தடை

ஆட்டம் வெளிவருமுன்பே ஈரானியப் பழமைவாத நாளிதழ் ஒன்று இதனை மேலைநாட்டுப் பரப்புரை எனச் சாடியது. கோன்சாரி உளவாளி என்றும் குற்றஞ்சாட்டப்பட்டார். பாதுகாப்புக் கருதி, இதில் பணியாற்றிய சிலர் புனைபெயர்களைப் பயன்படுத்தினர். 2016 இல் ஈரானின் தேசியக் கணினி ஆட்ட அமைப்பு இதனைத் தடைசெய்து, இதனை வழங்கிய இணையத்தளங்களை முடக்க நடவடிக்கை எடுத்தது.