இடம்பெயர்ந்தவர் கதையும் நம் வகுப்பறையும்

எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, மன்னார்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். கிணற்றடி, பனை மரங்கள், மாதா கோயில் திருவிழா எல்லாம் இருந்தன. 'நானும் அம்மம்மாவும் இரவில் அந்த ஊரைப் பற்றிக் கதைத்தோம்' என்று முடித்திருந்தாள். நான் 'கதைத்தோம்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து 'பேசினோம்' என்று எழுதினேன். 'அம்மம்மா'வை அடித்துப் 'பாட்டி' என்று திருத்தினேன். மறுநாள், பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு அவளை வகுப்பின் முன்னால் நிறுத்தி, "போரைப் பற்றி இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லும்மா" என்றேன். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவளுடைய அம்மம்மா கூட்டிக்கொண்டு வந்தார். குரலை உயர்த்தவில்லை. "ரீச்சர், பிள்ளையிட்டை சண்டையைப் பற்றிக் கேளாதேங்கோ. அவளுக்கு ஒண்டும் தெரியாது. அவள் இஞ்சதான் பிறந்தவள்" என்றார்.

உண்மைதான். அவள் பிறந்தது எங்கள் மாவட்டத்தில். அந்தக் கிராமத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இருபது ஆண்டுக்கு மேல் பணியாற்றிய பிறகும் 'அகதி' என்ற சொல்லுக்கு என்ன பொருள், அது யாரைக் குறிக்கும் என்று நான் சரியாக யோசித்ததே இல்லை என்பது அன்று தெரிந்தது. அதற்குப் பிறகு வாசித்தவற்றையும் வகுப்பில் செய்து பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் தன் நாட்டை விட்டு வெளியே இருப்பவரை அகதி என்கிறது. எல்லையைத் தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே ஊர் ஊராக ஓடுகிறவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். இரு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி முன்னோர் நாட்டுக்கு அனுப்பப்பட்டவர் தாயகம் திரும்பியோர். 1964இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அப்படி வந்தவர்களின் மறுவாழ்வுக்காகத் தொடங்கப்பட்டவை. அங்கே பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இந்த வரலாறு பெற்றோர் கூட்டத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கும்.

1983 ஜூலை வன்முறைக்குப் பின் தமிழ்நாட்டுக்குப் படகுகளில் வந்தவர்கள் அகதிகள். 2009 வரை பல அலைகளாக வந்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று 2021இல் தமிழ்நாடு அரசு மாற்றியது. பலர் முதலில் வந்து இறங்கிய மண்டபம் முகாமுக்கு இன்னும் பழைய கதை உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய இடம் அது. போனவர்களின் வழித்தோன்றல்களில் சிலர் அதே இடத்துக்கு அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். சமூக அறிவியல் பாடத்தில் இந்த ஒரு செய்தியைச் சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இங்கே பிறந்த பிள்ளைகள் நிலை என்ன? நம் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்த நாளுக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. ஆகவே நம் வகுப்பில் இருக்கும் பிள்ளை இதே மாவட்டத்தில் பிறந்து, இதே பாடநூலைப் படித்து, நாட்டுப்பண்ணும் பாடிவிட்டு, படிவத்தில் 'குடியுரிமை' என்ற கட்டம் வரும்போது பேனாவை நிறுத்துகிறது. பத்தாம் வகுப்புக்கு வந்தபின் அதே மாணவி ஒரு படிவத்தை நீட்டி, "டீச்சர், இதுல என்ன போடணும்?" என்று கேட்டாள். கல்வியுரிமையில் இந்தச் சிக்கல் இல்லை. 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்றுதான் அரசியலமைப்பின் 21அ பிரிவு சொல்கிறது. குடிமகனா என்று அது கேட்கவில்லை.

இனி புத்தகங்கள். என் தவறை எனக்குக் காட்டியது வியட்நாமில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் தான்ஹா லாய் 2011இல் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகைன்'. சிறு சிறு கவிதைகளாகச் சொல்லப்படும் சிறுவர் நாவல். 1975இல் சைகோன் வீழ்ந்தபோது பத்து வயதில் அமெரிக்காவுக்குப் போனவர் ஆசிரியர். கதையில் வரும் ஹா என்ற சிறுமிக்கும் பத்து வயது. தாயோடும் அண்ணன்மாரோடும் கப்பலேறி அலபாமா மாநிலத்துக்கு வந்து சேர்கிறாள். கடற்படையில் இருந்த அப்பா என்ன ஆனார் என்று தெரியாது. வீட்டுக் கொல்லையில் அவள் வளர்த்த பப்பாளி மரம் மட்டும் மனத்தில் காய்த்துக்கொண்டே இருக்கிறது.

ஆசிரியர்கள் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் அதில் உண்டு. ஊரில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண் ஹா. புதிய பள்ளியில் ஆங்கிலத்தில் இருபது வரை எண்ணிக் காட்டியதும் வகுப்பே கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல் அவளுக்கு அவமானமாக இருக்கிறது. மொழி தெரியாததை அறிவில்லாததாக எடுத்துக்கொள்கிறார்களே என்ற கோபம். இன்னொரு நாள் ஆசிரியை, இவளுடைய நாட்டை வகுப்புக்கு அறிமுகப்படுத்த ஆசைப்பட்டு வியட்நாம் படங்களைக் காட்டுகிறார். எல்லாம் போர்ப் படங்கள். தீக்காயத்தோடு ஓடும் சிறுமி, அழுகிற கூட்டம். பப்பாளியையும் புத்தாண்டுப் பண்டிகையையும் காட்டியிருக்கலாமே என்று ஹா நினைக்கிறாள். அந்த ஆசிரியை கெட்டவர் இல்லை. அவர் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். என் மாணவி கிணற்றடியையும் திருவிழாவையும் எழுதிக் கொடுத்தாள். நான் குண்டு விழுந்ததைக் கேட்டேன்.

ஹாவுக்கு ஆங்கிலம் சொல்லித் தருபவர் பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய மகன் வியட்நாம் போரில் இறந்துபோன அமெரிக்கச் சிப்பாய். இதை நாவல் பெரிதாக்கிப் பேசுவதில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் சொற்கள் எளியவை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒரு பக்கத்தை வாசித்துத் தமிழில் சொல்வேன், அடுத்ததை அவர்கள் முயல்வார்கள்.

மொழியே தடையாக இல்லாத புத்தகம் ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியரான ஷான் டான் 2006இல் வெளியிட்ட 'தி அரைவல்' என்ற படக்கதை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சொல்லும் கிடையாது. மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுப் பெட்டியோடு கப்பலேறும் ஒருவர், புரியாத எழுத்துப் பலகைகளும் விசித்திரமான விலங்குகளும் நிறைந்த நகரத்தில் இறங்குகிறார். வாசகருக்கும் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. அதனால் படிக்கிற நாமும் அவரைப் போலவே திணறுகிறோம். நான்காம் வகுப்புப் பிள்ளையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து பார்க்கலாம். மெல்லக் கற்கும் மாணவர் என்று நாம் பெயர் வைத்திருப்பவர்கள் இதில் மற்றவர்களை முந்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அவள் ஓர் அகதிக் குழந்தை என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் குடும்பம் நெதர்லாந்துக்குப் போனது. 1941இல் வெளிநாட்டில் இருந்த யூதர்களின் குடியுரிமையை ஜெர்மனி பறித்தபோது அவள் நாடற்றவள் ஆனாள். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை எட்டுப் பேர் மறைந்திருந்த இடத்தில் உருளைக்கிழங்குக்காகவும் குளியலறைக்காகவும் சண்டைகள், அம்மாவோடு மனஸ்தாபம், எழுத்தாளராக வேண்டும் என்ற பிடிவாதம். 'தன்னம்பிக்கை நூல்' என்று இதைச் சுருக்கிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவள் 1945இல் முகாமில் நோயுற்று இறந்துவிட்டாள். தன்னம்பிக்கை அவளைக் காப்பாற்றவில்லை. அந்த இருட்டறையிலும் அவள் சாதாரண பதின்மூன்று வயதுப் பெண்ணாக இருந்தாள் என்பதைத்தான் மாணவர்கள் பார்க்க வேண்டும்.

தமிழில் நான் ஆசிரியர்களுக்குச் சொல்வது மூன்று நூல்கள். ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா, 1942இல் ஜப்பானியர் தாக்குதலின்போது பர்மாவை விட்டு வெளியேறிய அனுபவத்தை எழுதிய நடைப்பயண நூல் ஒன்று. அந்தக் காலத்தில் பல லட்சம் இந்தியர்கள் அங்கிருந்து கிளம்பினார்கள். காட்டு வழியில் நடந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் பசியிலும் காலராவிலும் மாண்டார்கள். இரண்டாவது, தமிழ்நாட்டு முகாம் வாழ்வை உள்ளே இருந்து எழுதிய தொ. பத்தினாதனின் 'போரின் மறுபக்கம்'. கசப்பான நூல். முகாமுக்கு வெளியே இருக்கும் நம்மையும் அது விட்டுவைக்கவில்லை. அதற்காகவே படிக்க வேண்டும். மூன்றாவது, அ. முத்துலிங்கத்தின் 'கடவுள் தொடங்கிய இடம்'. முகவர்களை நம்பி நாடு நாடாக அலையும் ஓர் இளைஞனின் கதை. சிரிக்கவைத்துக்கொண்டே வயிற்றைப் பிசையும்.

பர்மா நூலை நான் வகுப்பில் பேசியதில் எதிர்பாராத ஒன்று நடந்தது. உள்ளூர்ப் பையன் ஒருவன் மறுநாள் வந்து, "டீச்சர், எங்க தாத்தாவோட அப்பா பர்மாவுல இருந்து வந்தவராம். அத்தோ கடை போட்டிருந்தாராம்" என்றான். இன்னொருத்தியின் பாட்டி கண்டித் தோட்டத்தில் பிறந்தவர். முகாம் பிள்ளைகள் இவர்களை முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். இடப்பெயர்வு வகுப்பில் சிலருடைய அடையாளம் என்ற நிலை அன்றோடு போயிற்று. முகாம் பிள்ளைகளைப் பற்றிய பாடமாகத் தொடங்காமல் எல்லோர் வீட்டுக் கதையாகத் தொடங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எச்சரிக்கையும் ஒன்று சொல்ல வேண்டும். 'உடனே வீட்டை விட்டுப் போக வேண்டும், பையில் எதை எடுத்துவைப்பீர்கள்?' என்ற செயல்பாடு பயிற்சிகளில் பிரபலம். நானும் ஒருமுறை செய்தேன். மற்ற பிள்ளைகள் செல்போன், புதுத் துணி, நாய்க்குட்டி என்று சிரித்துக்கொண்டே எழுதினார்கள். முகாம் பையன் ஒருவன் 'அடையாள அட்டை, நெகிழிப் பையில் சுற்றி' என்று மட்டும் எழுதியிருந்தான். அவனுக்கு அது விளையாட்டில்லை. அதன் பிறகு அந்தச் செயல்பாட்டை நிறுத்திவிட்டேன். புத்தகத்தில் உள்ளவரைப் பற்றி மட்டும் கேட்கிறேன்: ஹா ஏன் கோபப்பட்டாள்? அந்த ஆள் பெட்டியில் எதை வைத்திருக்கிறார்? தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பும் பிள்ளை தானே சொல்லும். சொல்லாமல் இருக்கவும் அதற்கு உரிமை உண்டு.

மீண்டெழும் ஆற்றல் பற்றி பி.எட். படிப்பில் மேலோட்டமாகத்தான் படித்தோம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அகதிகளைப் பற்றிய ஆய்வில்லை. வறுமையும் குடும்பச் சிக்கலும் நிறைந்த சூழலில் வளர்ந்த குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தடுமாறாமல் வளர்ந்தார்கள். அப்படி வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் நம்பத்தக்க பெரியவர் ஒருவராவது இருந்தார். சிலருக்கு அவர் ஒரு ஆசிரியர். இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிவப்பு மைதான் நினைவுக்கு வந்தது.

இப்போது வகுப்பின் பின்சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. கதைத்தல், கொப்பி, அம்மம்மா, வெளிக்கிடுதல், பேந்து என்று முகாம் பிள்ளைகள் வீட்டில் வழங்கும் சொற்கள் ஒரு பக்கம். எங்கள் வட்டாரச் சொற்கள் மறுபக்கம். தேர்வுக்கு எந்தச் சொல் பொது வழக்கு என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் கட்டுரை ஏட்டில் அடிப்பதில்லை.

அந்த மாணவி ஒருமுறை சொற்களே இல்லாத அந்தப் படப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனாள். திருப்பிக் கொடுக்க அம்மம்மாவும் வந்தார். கண்பார்வை குறைந்ததால் எழுத்துப் படிப்பதை விட்டு நாளாகிவிட்டதாம். படங்களை மட்டும் பார்த்திருக்கிறார். பெரிய கூடத்தில் வரிசையில் நிறுத்தி, கண்ணையும் தொண்டையையும் சோதித்து, சட்டையில் சீட்டுகளைக் குத்தும் பக்கத்தைத் திறந்து காட்டினார். நான் எதுவும் கேட்கவில்லை. "இது மண்டபம் மாதிரிக் கிடக்கு, ரீச்சர்" என்று தொடங்கினார். மதிய உணவு மணி அடித்த பிறகும் கதைத்துக்கொண்டிருந்தோம்.