அந்துப்பூச்சிகளின் இயக்குநீர்களும் ஃபெரோமோன்களும்: குண்டடம் வட்டார வேளாண் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அந்துப்பூச்சியின் உடலுக்குள் சுரந்து அதன் பருவமாற்றத்தை ஆளும் இயக்குநீர்கள், உடலுக்கு வெளியே காற்றில் கலந்து இணையை அழைக்கும் ஃபெரோமோன்கள் ஆகிய இருவகை வேதிப்பொருள்களைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி பட்டுப்புழுவிலிருந்து பெறப்பட்டது. அவ்வறிவு திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில் மக்காச்சோளப் படைப்புழுவைக் கண்காணிக்கவும் பட்டுக்கூடு உற்பத்தியைச் சீராக்கவும் பயன்படுகிறது. ஒரே வேதியியல் ஒரு வயலில் காப்பாகவும் அடுத்த தோட்டத்தில் கேடாகவும் அமையக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இயக்குநீர், இளமை இயக்குநீர், எக்டைசோன், ஃபெரோமோன், படைப்புழு, பட்டுப்புழு, குண்டடம்.

முன்னுரை

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் அமைந்தது குண்டடம். பின்னலாடைத் தொழிலின் ஈர்ப்புக்கு உட்பட்ட வட்டாரமாயினும், பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்காலையும் கிணற்றையும் மழையையும் நம்பிய வேளாண்மை இங்கு இன்னும் நிலைபெற்றுள்ளது. பல்லடத்தை மையமாகக் கொண்ட கறிக்கோழி வளர்ப்புக்குத் தீவனம் தேவைப்படுவதால் மக்காச்சோளத்துக்கு இப்பகுதியில் நிலையான சந்தை உண்டு. அருகிலுள்ள உடுமலைப்பேட்டை வட்டாரமோ வெண்பட்டுக்கூடு உற்பத்திக்குப் பெயர் பெற்றது. ஆகவே மக்காச்சோளத்தை அழிக்கும் ஓர் அந்துப்பூச்சியும், உழவருக்கு வருவாய் தரும் மற்றோர் அந்துப்பூச்சியும் ஒரே நிலப்பரப்பில் வாழ்கின்றன. முன்னது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த படைப்புழு. 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காவில் இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டிலும் பரவியது. பின்னது பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரால் வளர்க்கப்பட்டுப் பறக்கும் திறனையே இழந்துவிட்ட பட்டுப்பூச்சி.

சொல்லாட்சி

ஹார்மோன் என்னும் சொல் தூண்டி இயங்கச் செய்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து 1905-இல் ஸ்டார்லிங் என்னும் உடலியங்கியல் அறிஞரால் வழக்குக்கு வந்தது. இயக்குநீர் என்னும் தமிழாக்கம் அம்மூலப்பொருளை நன்கு தாங்குகிறது. ஃபெரோமோன் என்பதற்கு வழங்கும் இனக்கவர்ச்சிப் பொருள் என்னும் ஆக்கம் அத்தகையதன்று. எறும்பு தன் கூட்டத்துக்கு வழிகாட்ட இடும் தடமும், தேனீ ஆபத்தை அறிவிக்க வெளியிடும் மணமும் ஃபெரோமோன்களே. அவற்றில் இனக்கவர்ச்சி இல்லை. அந்துப்பூச்சியின் இணையழைப்பு மணத்துக்கு மட்டும் அவ்வாக்கம் பொருந்தும். வேளாண் துறை ஏடுகளில் இனக்கவர்ச்சிப் பொறி என்பது வேரூன்றிவிட்டதால் அதனை அங்கு மாற்ற வேண்டியதில்லை. பொதுச்சொல்லாக ஃபெரோமோன் என்பதே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

உடலுக்குள் இயங்கும் நீர்கள்

பூச்சியின் தோலுரிப்பை மூளை ஆள்கிறது என்பதை 1922-இல் போலந்து அறிஞர் ஸ்டெஃபான் கோப்பெச் காட்டினார். அந்துப்பூச்சிப் புழு ஒன்றின் உடலை நூலால் இறுகக் கட்டியபோது, கட்டுக்கு முன்னுள்ள பகுதி மட்டும் கூட்டுப்புழுவாயிற்று. பின்பகுதி புழுவாகவே நின்றது. நரம்பு வழியாக அன்றி, குருதியில் கலந்து செல்லும் ஏதோவொரு பொருளின் வழியாகவே ஆணை செல்கிறது என்பது இதனால் புலனாயிற்று. 1940-இல் ஜப்பானியரான ஃபுகுதா பட்டுப்புழுவின் முன்மார்புச் சுரப்பி இதில் பங்கேற்பதை நிறுவினார். அச்சுரப்பியின் விளைபொருளான எக்டைசோனை 1954-இல் புட்டெனாண்ட், கார்ல்சன் இருவரும் பிரித்தெடுத்தனர். ஏறத்தாழ 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம் படிகம். அதன் மூலக்கூற்று அமைப்பு தெளிவாக 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எக்டைசோன் தோலை உரி என்று மட்டுமே ஆணையிடும். உரித்தபின் மீண்டும் புழுவாவதா, கூட்டுப்புழுவாவதா என்பதை முடிவு செய்வது மூளையை ஒட்டிய சிறு சுரப்பிகளில் உண்டாகும் இளமை இயக்குநீர். அது மிகுந்திருக்கும்வரை புழு புழுவாகவே வளரும். குறைந்தால்தான் உருமாற்றம் நிகழும். 1938-இல் பூனியோல் என்னும் பிரெஞ்சு அறிஞர் இளம் பட்டுப்புழுக்களிலிருந்து அச்சுரப்பிகளை நீக்கினார். வளர்ச்சி முற்றுப்பெறாத அப்புழுக்கள் மிகச் சிறிய கூடுகளைக் கட்டின. நூற்பது என்னும் செயல் புழுவின் வயதையோ பருமனையோ சார்ந்ததன்று, இயக்குநீரின் அளவைச் சார்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1956-இல் கரோல் வில்லியம்ஸ் செக்ரோப்பியா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் ஆணிடமிருந்து பொன்னிற எண்ணெயாக இளமை இயக்குநீரைப் பிரித்தார். பூச்சிகள் தம் இயக்குநீருக்கே எதிர்ப்புத்திறன் பெறுதல் அரிது என அவர் எதிர்பார்த்தார். பின்வந்த பட்டறிவு அந்த எதிர்பார்ப்பை முழுமையாக மெய்ப்பிக்கவில்லை. வெள்ளை ஈக்கள் இவ்வகைப் பொருள்களுக்கும் எதிர்ப்புத்திறன் பெற்றுள்ளன.

பட்டு வளர்ப்பில் இவ்வறிவு இருவழியில் பயன்படுகிறது. நான்கு தோலுரிப்புகளுக்குப் பின் வரும் ஐந்தாம் பருவத்தில், ஏறத்தாழ ஒரு வாரத்தில், புழு தன் வாழ்நாள் உணவின் பெரும்பகுதியை உண்டுவிடும். அப்பருவத்தின் தொடக்கத்தில் இளமை இயக்குநீரை ஒத்த பொருளை மிக நுண்ணிய அளவில் தந்தால் உண்ணும் காலம் சற்று நீண்டு கூட்டின் எடை கூடும். பருவத்தின் இறுதியில் சில புழுக்கள் நூற்கத் தொடங்கியவுடன், தாவரங்களிலிருந்து பெறப்படும் எக்டைசோன் வகைப் பொருளை இலைமேல் தெளித்துத் தந்தால், பின்தங்கிய புழுக்களும் ஏறத்தாழ ஒரே வேளையில் முதிர்ந்து நெட்ரிகாவில் ஏறும். இரவும் பகலும் முதிர்புழுவைப் பொறுக்கி எடுக்கும் கூலிச் செலவு இதனால் குறைகிறது. பின்னலாடை ஆலைகளோடு போட்டியிட்டு வேலையாள் தேட வேண்டிய மாவட்டத்தில் இது சிறிய ஆதாயமன்று.

உடலுக்கு வெளியே செல்லும் மணம்

எக்டைசோனைக் கண்ட அதே புட்டெனாண்டின் ஆய்வுக்குழு, இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் 1959-இல் முதல் ஃபெரோமோனை இனங்கண்டது. ஏறத்தாழ 5,00,000 பெண் பட்டுப்பூச்சிகளின் வயிற்று நுனிச் சுரப்பிகளிலிருந்து கிடைத்தவை சில மில்லிகிராமே. பதினாறு கரியணுக்களைக் கொண்ட அம்மதுச்சாரத்துக்குப் பட்டுப்பூச்சியின் பெயரையொட்டி பாம்பிகோல் எனப் பெயரிடப்பட்டது. ஃபெரோமோன் என்னும் சொல்லைக் கார்ல்சன், லூஷர் இருவரும் முன்மொழிந்ததும் அதே ஆண்டில்தான். ஆண் பூச்சியின் சீப்பு வடிவ உணர்கொம்பில் இம்மணத்தை ஏற்கும் நுண்மயிர்கள் பல்லாயிரம் உள்ளன. ஒரேயொரு மூலக்கூறுகூட ஓர் உணர்நரம்பில் துடிப்பை எழுப்பவல்லது.

இவ்விரு துறைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. பெண் பூச்சி எந்நேரமும் மணம் வெளியிடுவதில்லை. இரவின் குறிப்பிட்ட வேளையில் மட்டும் வெளியிடும். அதனை ஆள்வது தலைப்பகுதியிலிருந்து வரும் ஓர் இயக்குநீர் என்பதை அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் அசோக் ரெய்னாவும் ஜெரோம் கிளனும் மக்காச்சோளக் கதிர்ப்புழுவின் அந்துப்பூச்சியில் 1984-இல் காட்டினர். 33 அமினோ அமிலங்களாலான அதன் தொடரமைப்பு 1989-இல் வெளியாயிற்று. வெளியே செல்லும் அழைப்புக்கும் உள்ளிருந்தே ஆணை செல்கிறது.

பொறி எதைக் காட்டுகிறது?

படைப்புழுவின் பெண் பூச்சி ஒரு பொருளை அன்று, பல அசிட்டேட்டுகளின் கலவையை வெளியிடுகிறது. அதன் முதன்மைக் கூறு மிகுதியாகவும், மற்றொரு கூறு மிகச் சிறிதளவும் இருந்தால்தான் ஆண் வரும். அச்சிறு கூறு இல்லையேல் ஈர்ப்பு வெகுவாகக் குறையும். இக்கலவையை ரப்பர் அடைப்பானில் ஊறவைத்து விற்பதையே உழவர் லூர் என்கின்றனர். கண்காணிப்புக்கு ஏக்கருக்கு 5 பொறிகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

பொறியில் விழுந்த பூச்சிகளைக் கண்டு பயிர் காக்கப்பட்டுவிட்டதாக எண்ணுவது பிழை. விழுபவை அனைத்தும் ஆண்களே. ஓர் ஆண் பல பெண்களோடு இணையக்கூடியது. ஒரு பெண் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. ஓர் இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கவல்ல இனமாதலால், வேறெங்கோ இணைந்த பெண் இவ்வயலில் வந்து முட்டையிடுவதை எந்தப் பொறியும் தடுக்காது. பொறியின் எண்ணிக்கை, குருத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நாளைச் சொல்லும் குறிப்பு. மருந்து தெளிக்கச் சொல்லும் ஆணையன்று. போதாக்குறைக்கு, இதே கலவைக் கூறுகளைக் கொண்ட பிற அந்துப்பூச்சிகளும் பொறியில் விழுவதுண்டு. இறக்கை அடையாளத்தைப் பாராமல் எண்ணினால் தேவையற்ற தெளிப்புக்கு அது வழிவகுக்கும்.

காற்றும் கருதத்தக்கது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக்காற்று இவ்வட்டாரத்தில் காற்றாலைகள் பெருகக் காரணமானது. ஃபெரோமோன் காற்றில் இழையிழையாகச் செல்லும். அவ்விழையைத் தொட்டுக் காற்றை எதிர்த்துப் பறந்தே ஆண் பெண்ணை அடைகிறது. கடுங்காற்றில் பூச்சி பறப்பது குறையும். ஆகவே அந்நாள்களில் பொறி வெறுமையாக இருப்பதால் வயலில் பூச்சி இல்லை என்று கொள்ள இயலாது.

ஃபெரோமோனைப் பரப்பில் மிகுத்து, ஆண் பெண்ணைக் காணாது குழம்பச் செய்யும் முறை வேறு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்ததாக 2018-இல் அறிவிக்கப்பட்டதற்கு அம்முறையும், மலட்டுப் பூச்சிகளும், பிடி பருத்தியும் இணைந்து காரணமாயின. அது பெரும்பரப்பில் ஒருங்கே செய்யப்பட வேண்டியது. ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர் தனியே செய்து பயன் காண்பது அரிது. வரப்புக்கு அப்பாலுள்ளவரும் உடன்பட வேண்டும்.

வரப்புக்கு அப்பால்

இத்தாலியின் வடபகுதியில் 1980-களின் இறுதியில் பட்டுப்புழுக்கள் ஐந்தாம் பருவத்தைக் கடந்தும் நூற்காமல் இலை தின்றுகொண்டே இருந்து மடிந்தன. பழத்தோட்டங்களில் தெளிக்கப்பட்ட ஃபெனாக்சிகார்ப் என்னும் இளமை இயக்குநீர்ப் போலி மிக நுண்ணிய அளவில் மல்பெரி இலையில் படிந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. கூட்டின் எடையைக் கூட்டுவதும் இவ்வகைப் பொருளே, கூடே இல்லாமற் செய்வதும் இவ்வகைப் பொருளே. வேறுபாடு அளவிலும் நாளிலும் உள்ளது. இந்தியாவில் பருத்தி வெள்ளை ஈக்குப் பயன்படும் பைரிபுராக்சிஃபென் இவ்வினத்தைச் சேர்ந்தது. பட்டுப்புழுவில் அதுவும் நூற்காமையை உண்டாக்கும். நோவலூரான் போன்றவை வளர்ச்சி ஒழுங்கி என ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் அவை இயக்குநீர்ப் போலிகள் அல்ல. புதுத்தோலுக்கு வேண்டிய கைட்டின் உருவாவதைத் தடுப்பவை. அவற்றால் புழு தோலுரிக்கும்போது சாகும். இயற்கைப் பொருள் என நம்பித் தெளிக்கப்படும் வேப்பங்கொட்டைக் கரைசலிலுள்ள அசாடிராக்டினும் எக்டைசோன் சுரப்பைக் குலைப்பதால், அதுவும் மல்பெரிக்கு அருகில் தீங்கற்றதன்று.

படைப்புழுவும் பட்டுப்புழுவும் ஒரே வரிசையைச் சேர்ந்த பூச்சிகள். ஒன்றின் இயக்குநீரைக் குலைப்பது மற்றதையும் குலைக்கும். மருந்தின் கடுமையால் உடனே மடியும் புழுவைக் கண்டு வளர்ப்பவர் காரணத்தை ஊகிக்கலாம். நூற்காமை அப்படிப்பட்டதன்று. புழு நலமாகத் தோன்றும், பருத்தும் இருக்கும். இலையும் கூலியும் முழுதும் செலவான பின்னர், எட்டாம் நாளிலும் ஒன்பதாம் நாளிலும் நெட்ரிகாவில் ஏறாது கிடக்கும்போதுதான் கேடு புலப்படும். அப்போது பழி பெரும்பாலும் முட்டைத்தொகுதி மீதோ இளம்புழு வளர்ப்பு மையத்தின் மீதோ விழுகிறது. முதலில் கேட்கப்பட வேண்டியது, அவ்விலை பறிக்கப்படுவதற்கு முந்தைய வாரத்தில் மேற்கே காற்று வரும் திசையிலிருந்த வயலில் என்ன தெளிக்கப்பட்டது என்பது.